செல்ஃப் அடிக்கிறது, என்ஜின் பிடிக்கவில்லை: சாமான் வாங்குவதற்கு முன்னால்

ஜனவரி, பெப்ரவரி மாதங்களில் நுவரெலியாவிலும் சுற்றியுள்ள தோட்டங்களிலும் விடியற்காலை வெப்பநிலை 5 பாகைக்கும் கீழே இறங்கிப் புல்லின் மேல் பனி உறையும் நாட்களில், எனக்கு வரும் தொலைபேசி அழைப்புகளில் பெரும்பாலானவை ஒரே முறைப்பாட்டைத்தான் சொல்கின்றன: “அண்ணே, செல்ஃப் நல்லா அடிக்குது, ஆனா ஸ்டார்ட் ஆகுதில்ல.” அழைப்பவர் அதற்கு முன்பே ஏதாவது ஒரு சாமானை மாற்றியிருப்பார். முதலில் பற்றரி, அடுத்து ஸ்பார்க் பிளக், அதற்கும் சரிவராவிட்டால் கொழும்பின் உதிரிப்பாகச் சந்தையான பஞ்சிகாவத்தையில் சொல்லி பஸ்ஸில் போட்டு அனுப்பச் செய்த பெற்றோல் பம்ப். இலங்கையில் வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025இல்தான் மீண்டும் வழி திறந்தது. அதனால் இருபது, இருபத்தைந்து வருடப் பழைய கார்கள் இன்றும் எங்கள் பகுதியில் குடும்பங்களின் பிழைப்பைச் சுமந்து ஓடிக்கொண்டிருக்கின்றன. அப்படிப்பட்ட காருக்குத் தேவையில்லாத ஒரு பம்ப் வாங்குவது என்பது ஒரு குடும்பத்தின் மாதச் செலவில் கை வைக்கும் காரியம். சோதனை ஒன்று சுட்டிக்காட்டும் வரை ஒரு சாமானும் வாங்கக் கூடாது என்பதை நான் வலியுறுத்துவது அதனால்தான். இந்தச் சோதனைகளில் பெரும்பாலானவற்றுக்குக் காதும் மூக்கும் விலை மலிந்த ஒரு மல்டிமீட்டரும் போதும்.

அதற்கு முன்னால், மலைநாட்டுக்கே உரிய ஓர் ஆபத்தைச் சொல்லியாக வேண்டும். இங்கே எல்லா வாசலும் ஏதோ ஒரு சரிவில்தான் முடிகிறது. கார் ஸ்டார்ட் ஆகவில்லை என்றதும் நியூட்ரலில் போட்டுச் சரிவில் உருளவிட்டு, வேகம் பிடித்ததும் கியரில் தட்டி எழுப்பலாம் என்று பலர் முயல்கிறார்கள். என்ஜின் ஓடாதபோது பிரேக்குக்குப் பலம் கொடுக்கும் வெற்றிடம் புதிதாக உண்டாவதில்லை. இரண்டு மூன்று முறை மிதித்ததும் பிரேக் கல்லாகிவிடும், பழைய பவர் ஸ்டியரிங்கும் கனத்துப் போகும். தேயிலை மலையின் கொண்டை ஊசி வளைவில் அந்த நிலையில் இறங்குவதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். அதைவிட முக்கியமாக, அதனால் பயனும் இல்லை. தள்ளி எழுப்புவது பற்றரியோ செல்ஃப் மோட்டாரோ வலுவிழந்த காருக்கான வைத்தியம். செல்ஃப் தானே நன்றாகச் சுற்றும் காரில் குறை வேறெங்கோ இருக்கிறது. சரிவில் எத்தனை தூரம் உருண்டாலும் அந்தக் குறை அங்கேயே இருக்கும். போதாததற்கு, எரியாத பெற்றோல் புகைக்குழாய்க்குள் போய், பிறகு எரியும்போது, புகையைச் சுத்திகரிக்கும் கெட்டலிட்டிக் கன்வர்ட்டரையும் பாழாக்கும்.

செல்ஃப் அடிக்கும் ஓசையைக் கவனித்துக் கேட்பதுதான் முதற் சோதனை. வழக்கமான வேகத்தில், சீரான விட்டுவிட்டு வரும் இரைச்சலோடு சுற்றினால் பற்றரி, செல்ஃப் மோட்டார், தடித்த கேபிள்கள் ஆகியவை தம் வேலையைச் செய்கின்றன என்று எடுத்துக்கொள்ளலாம். இழுத்து இழுத்து மெதுவாகச் சுற்றினால் பற்றரியை அளக்க வேண்டும், ஓய்வில் 12.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டிய பற்றரி, செல்ஃப் அடிக்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால், மோட்டார் எப்படியோ சுற்றினாலும், என்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினியான ஈசியூவுக்கும் தீப்பொறிக்கு மின்சாரம் தரும் கொயிலுக்கும் போதிய மின்சாரம் கிடைக்காமல் போகலாம். இதற்கு மாறாக, எந்த எதிர்ப்பும் இல்லாமல் வழுக்கிக்கொண்டு போவது போல வேகமாகச் சுற்றினால், வால்வுகளை இயக்கும் டைமிங் பெல்ட் அறுந்திருக்கக் கூடும். அந்த ஓசை கேட்டதும் சாவியிலிருந்து கையை எடுத்துவிடுங்கள். பல என்ஜின்களில் பெல்ட் இல்லாமல் சுற்றும் ஒவ்வொரு சுற்றும் வால்வைப் பிஸ்டனோடு மோத வைக்கக்கூடும். உறுதிப்படுத்தியே ஆக வேண்டுமானால், எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து, ஒருவர் ஒரே ஒரு நொடி மட்டும் செல்ஃப் அடிக்க மற்றவர் உள்ளே பார்த்தால், பல கார்களில் வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் அசைவது கண்ணுக்குத் தெரியும். அசையவில்லையென்றால் தேடல் அங்கே முடிந்தது. ஜப்பானிய கார்கள் பலவற்றில் இந்த பெல்ட்டுக்கு 100,000 கிலோமீட்டர் என்று தவணை உண்டு. பெல்ட் மாற்றிய திகதியை எழுதி ஒட்டிய ஸ்டிக்கர் பொனட்டுக்குள் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

ஓசை வழக்கம்போல இருந்தால், சாவியை ஆன் நிலையில் வைத்து, செல்ஃப் அடிக்காமல், டேஷ்போர்டைப் பார்க்க வேண்டும். செக் என்ஜின் விளக்கு எரிய வேண்டும். பலர் அந்த விளக்கு எரிந்தால் பயப்படுகிறார்கள், இந்த நிலையில் எரியாவிட்டால்தான் பயப்பட வேண்டும், ஏனென்றால் ஈசியூவுக்கே மின்சாரம் போகவில்லை என்று அதற்குப் பொருள். பிரதான ஃபியூஸ், பிரதான ரிலே (மின்சாரத்தை இணைக்கும் தானியங்கிச் சுவிட்ச்), பற்றரியின் எர்த் வயர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டிய இடம் இதுதான். 1990களில் வந்த சில ஜப்பானிய கார்களில் பிரதான ரிலேயின் உள்ளே ஈயப் பற்று விரிசல் விட்டு, வெயிலில் நின்ற பிறகு மட்டும் பிடிக்காமல் போவதைப் பல தடவை பார்த்திருக்கிறேன். சாவி வடிவ விளக்கு விடாமல் மின்னினால், திருட்டைத் தடுக்கும் இமொபிலைசர் உங்கள் சாவியை அடையாளம் காணவில்லை. அப்போது செல்ஃப் அடிக்கும், ஆனால் ஈசியூ பெற்றோலையோ தீப்பொறியையோ விடாது. சந்தைக் கடையில் வெட்டிய, சிப் இல்லாத மாற்றுச் சாவிகள் கதவைத் திறக்கும், செல்ஃபையும் அடிக்கும், காரை மட்டும் எழுப்பாது. மூலச் சாவியைத் தேடி எடுத்துப் பார்ப்பதற்கு ஒரு சதமும் செலவில்லை.

அதே ஆன் நிலையில், பின் இருக்கையில் ஒருவர் உட்கார்ந்து காது கொடுத்தால், ஈசியூ சொல்லும் அளவில் பெற்றோலைத் தெளிக்கும் இன்ஜெக்டர் கார்கள் பெரும்பாலானவற்றில் பெற்றோல் பம்ப் ஏறத்தாழ இரண்டு நொடி மெல்ல ஊளையிட்டு நிற்பது கேட்கும். டேங்கின் மூடியைத் திறந்து குழாயருகே காதை வைத்தால் இன்னும் தெளிவாகக் கேட்கும். ஆனால் ஒன்றை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்: டொயோட்டா கார்கள் சிலவற்றில் சாவியை ஆன் செய்தவுடன் பம்ப் ஓடாது, செல்ஃப் அடிக்கும்போதுதான் ஓடும். இதை அறியாமல் “பம்ப் சத்தமே இல்லை” என்று தீர்ப்புச் சொல்லி, நல்ல பம்பைக் கழற்றி எறிந்தவர்கள் உண்டு. ஆகவே செல்ஃப் அடிக்கும்போதும் கேளுங்கள். சத்தம் வராவிட்டால் பம்பின் ஃபியூஸையும் ரிலேயையும் பாருங்கள்; ரிலேயின் மேல் அச்சிட்ட இலக்கம் ஒன்றாக இருந்தால் ஹோர்ன் ரிலேயை எடுத்து அங்கே போட்டுச் சோதிக்கலாம். அதன் பிறகு பம்புக்குப் போகும் வயர் பிளக்கில் மீட்டரை வைத்து, செல்ஃப் அடிக்கும்போது ஏறத்தாழ பற்றரியில் உள்ள அளவுக்கு வோல்ட் வருகிறதா என்று பார்க்க வேண்டும். மின்சாரம் வந்தும் பம்ப் ஓடாவிட்டால் மட்டுமே பம்ப் வாங்குங்கள். தேய்ந்த பம்ப், டேங்கின் அடியை ரப்பர் சுத்தியலால் தட்டினால் சில நேரம் ஓடத் தொடங்கும்; வீடு போய்ச் சேர அது உதவும், நோயையும் உறுதிப்படுத்தும். பம்ப் ஓடுவதாலேயே அமுக்கம் போதும் என்று ஆகிவிடாது. சாதாரண இன்ஜெக்டர் கார்களில் 3 பார் அளவில் பெற்றோல் அமுக்கம் இருக்க வேண்டும், அதை அளக்கும் கேஜ் நல்ல கராஜ்களில் இருக்கும்.

சமதரைக் கராஜில் யாருக்கும் தோன்றாத ஒரு காரணம் எங்கள் வாசல்களில் உண்டு. டேங்கில் பெற்றோல் அடிமட்டத்தில் இருக்க, காரைச் செங்குத்தான சரிவில் இரவு முழுவதும் நிறுத்தினால், இருக்கிற பெற்றோல் டேங்கின் ஒரு மூலைக்குப் போய், பம்ப் காற்றை உறிஞ்சும். முந்திய மாலை சமதரையில் ஒழுங்காக ஓடிய கார் காலையில் பிடிக்காது. பம்பின் ஊளையும் வழக்கத்தைவிடச் சத்தமாக இருக்கும். ஐந்து லீற்றர் பெற்றோல் ஊற்றினால் தீர்ந்துவிடும். ஊற்றுகிற பெற்றோல் எது என்பதிலும் கவனம் வேண்டும். 2022 எரிபொருள் நெருக்கடியின்போது கேனில் சேமித்து வைக்கப் பழகிய சிலர் இன்னும் அப்படியே செய்கிறார்கள். மாதக்கணக்கில் கிடந்த பெற்றோலில் எளிதில் ஆவியாகும் பகுதி பறந்துபோய்விடும். குளிர்காலையில் என்ஜினை எழுப்புவதற்குத் தேவையானது அந்தப் பகுதியே.

பம்ப் நன்றாக இருந்தால், தீப்பொறிக்கு வருவோம். செல்ஃப் சில நொடி அடித்த பிறகு ஒரு ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் மூக்கே பாதி பதிலைச் சொல்லும். பிளக் காய்ந்திருந்தால் பெற்றோல் வரவில்லை. நனைந்து பெற்றோல் மணம் அடித்தால் பெற்றோல் வந்தும் தீப்பொறி இல்லை, அல்லது பெற்றோல் அளவுக்கு மிஞ்சி வந்திருக்கிறது. தீப்பொறியைப் பார்ப்பதற்குப் பிளக்கைக் கையில் பிடித்து என்ஜினில் உரசிப் பார்க்கும் பழைய முறையை விட்டுவிடுங்கள். 20,000 வோல்ட்டுக்கும் மேல் பாயும் அந்த மின்சாரம் மனிதனையும் தாக்கும், திறந்த பிளக் துவாரத்திலிருந்து வரும் பெற்றோல் ஆவியையும் பற்ற வைக்கும், எர்த் கிடைக்காமல் கொயிலையும் கெடுக்கும். வயருக்கும் பிளக்குக்கும் இடையில் செருகும் சிறிய தீப்பொறி டெஸ்டர் மலிவானது. காரில் ஒன்று வைத்திருப்பதில் தவறில்லை.

இன்ஜெக்டருக்குப் பதிலாகக் கார்பரேட்டரில் பெற்றோலைக் காற்றோடு கலக்கும் பழைய கார்களிலும், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் உள்ள கார்களிலும் எங்கள் ஈரம்தான் பெரிய எதிரி. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், நாட்டிலேயே மழை மிகுந்த இடங்களில் ஒன்றான வட்டவளையிலோ கினிகத்தேனையிலோ ஓர் இரவு வெளியே நின்ற காரின் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் பனித்துளி படிந்திருக்கும். இருட்டில் பொனட்டைத் திறந்து வைத்து ஒருவர் செல்ஃப் அடித்தால், வெடித்த பிளக் வயரிலிருந்து நீல நிறத்தில் மின்பொறி வெளியே குதிப்பதைக் கண்ணால் காணலாம். மூடியைக் கழற்றி உலர்ந்த துணியால் துடைத்து மாட்டினால் கார் எழும்பும். அப்படி எழும்பியதோடு விட்டுவிடாமல், மூடியின் உட்புறத்தில் மயிரிழை போன்ற கரிக்கோடு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், இருந்தால் அடுத்த மழைக்கும் அதே கதைதான். மரக்கறித் தோட்டங்களை ஒட்டிய வீடுகளில் எலி கடித்த வயர்களும் நிறைய. கடிபட்ட இடம் பெரும்பாலும் இன்ஜெக்டருக்குப் போகும் வயர்க்கட்டின் அடிப்பக்கத்தில், மேலிருந்து பார்த்தால் தெரியாதபடி இருக்கும்.

நான்கு பிளக்கிலும் ஒரே நேரத்தில் தீப்பொறி இல்லை, இன்ஜெக்டரும் திறக்கவில்லை என்றால், என்ஜின் சுற்றுவதை ஈசியூவுக்குத் தெரிவிக்கும் கிராங்க் சென்சரைச் சந்தேகிக்க வேண்டும். என்ஜின் சுற்றுவதையே ஈசியூ அறியாதபோது, அது எதையும் கொடுக்காது. செல்ஃப் அடிக்கும்போது, என்ஜின் சுற்றும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள்ளைக் கவனியுங்கள். பல கார்களில் அது சற்றாவது எழும்பி அசையும், துளியும் அசையாவிட்டால் அந்தச் சந்தேகம் வலுப்படும். இந்த சென்சர் சூட்டில் மட்டும் கெடும் இயல்புடையது. கொழும்பிலிருந்து கம்பளை, புசல்லாவை வழியாக வரும் கார் ரம்பொடை ஏற்றத்தில் திடீரென்று நின்று, செல்ஃப் அடித்தும் பிடிக்காமல், அரைமணி நேரம் ஆறிய பின் எதுவுமே நடக்காதது போல எழும்பினால், நான் முதலில் பார்ப்பது அதைத்தான். ஆறிய காரில் அளந்தால் அந்த சென்சர் நல்லதென்றே காட்டும், ஆகவே நின்ற கணத்திலேயே முள்ளைப் பார்த்து வைப்பது பிறகு கராஜில் செய்யும் எந்தச் சோதனையையும்விட மதிப்பானது.

குளிர்காலையில் மட்டும் பிடிக்காத கார்களில் அதிகம் கவனிக்கப்படாத குற்றவாளி, என்ஜின் தண்ணீரின் வெப்பநிலையை அளக்கும் சென்சர். லிந்துலைப் பக்கம் ஓர் ஆசிரியையின் கார் காலை ஆறு மணிக்குப் பிடிக்காது, பத்து மணிக்கு வெயில் பட்டதும் பிடிக்கும். பிளக்குகளும் பற்றரியும் வேறிடத்தில் ஏற்கனவே மாற்றப்பட்டிருந்தன. “தம்பி, இனி பம்ப்தான் மாத்தணும்னு சொல்றாங்க, உண்மையா?” என்று அவர் கேட்டார். பம்பைத் தொடாமல், விடியற்காலையில் வந்து பார்க்கிறேன் என்றேன். குளிர்ந்த என்ஜினில் அந்த சென்சரின் வயர் பிளக்கைக் கழற்றி சென்சரை அளந்தபோது மீட்டர் ஏறத்தாழ 300 ஓம் காட்டியது. அத்தகைய சென்சர், 10 பாகை அளவிலான குளிரில் 4 கிலோ ஓம் அளவில் காட்ட வேண்டும். 300 ஓம் என்பது 80 பாகை வரை சூடேறிய என்ஜினுக்கான அளவு. விறைத்துப் போன என்ஜினைப் பார்த்து ஈசியூ சூடாக இருப்பதாக நம்பி, பெற்றோலைக் குறைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. குளிரில் பெற்றோல் சரியாக ஆவியாகாது என்பதால் கூடுதலாகக் கொடுக்க வேண்டிய நேரத்தில் குறைத்தால் எப்படிப் பிடிக்கும்? சென்சரின் வயர் பிளக்கைக் கழற்றிய நிலையிலேயே செல்ஃப் அடிக்கச் சொன்னேன். ரேடியேட்டர் விசிறி உடனே சுழலத் தொடங்கியது. சென்சர் இல்லையென்று கண்ட ஈசியூ தன்னிடமுள்ள மாற்று அளவை எடுத்துக்கொண்டதற்கு அது அடையாளம். இரண்டாவது சுற்றில் என்ஜின் பிடித்தது. விரல் நுனி அளவிலான அந்தச் சாமான் பம்பின் விலையில் ஒரு சிறு பங்குகூட இல்லை.

ஈசியூவிலுள்ள அளவுகளைப் படித்துக் காட்டும் ஸ்கேனர் இருந்தால் இதை இன்னும் எளிதாகப் பார்க்கலாம். இரவு முழுவதும் நின்ற காரில் தண்ணீரின் வெப்பநிலையும் உள்ளிழுக்கும் காற்றின் வெப்பநிலையும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று 10, மற்றது 78 என்று காட்டினால் விடை திரையிலேயே இருக்கிறது. ஆனால் ஸ்கேனரில் கோட் (பழுதைக் குறிக்கும் குறியீடு) எதுவும் வரவில்லை என்பதற்காக எல்லாம் சரி என்று சொல்பவர்களை நம்பாதீர்கள். நான் சொன்ன அந்தக் காரிலும் கோட் வரவில்லை. 300 ஓம் என்பது ஈசியூவின் கண்ணில் நடக்கக்கூடிய ஓர் அளவுதான். கோட்டைவிட, செல்ஃப் அடிக்கும்போது ஓடும் எண்களைப் பார்ப்பவரே நல்ல மெக்கானிக்.

பல முறை செல்ஃப் அடித்து பிளக்குகள் பெற்றோலில் மூழ்கியிருந்தால், எக்சிலேட்டரை அடிவரை மிதித்தபடி செல்ஃப் அடிக்க வேண்டும். பெரும்பாலான இன்ஜெக்டர் கார்களில் அந்த நிலையில் ஈசியூ பெற்றோலை நிறுத்திவிடும், உள்ளே தேங்கியது காற்றோடு வெளியேறும். என்ஜின் இருமத் தொடங்கியதும் காலை மெல்ல எடுங்கள். ஒரு தடவையில் பத்து நொடிக்கு மேல் செல்ஃப் அடிக்காமல், அடுத்த முறைக்கு முன் அரை நிமிடமாவது விடுங்கள், இல்லாவிட்டால் நல்ல செல்ஃப் மோட்டாரும் கருகிவிடும்.

உயரத்தைப் பற்றியும் என்னிடம் அடிக்கடி கேட்கிறார்கள். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அமுக்கம் கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்குதான். கார்பரேட்டர் இதை அறியாது. கொழும்பில் சரிசெய்த கார்பரேட்டர் இங்கே பெற்றோலை மிகையாகக் கொடுக்கும், கறுப்புப் புகை வரும், பிளக் கரியும். காற்று அமுக்கம் குறைந்தால் பெற்றோல் கொதிக்கும் வெப்பநிலையும் குறைவதால், நீண்ட ஏற்றத்தில் சூடான பழைய கார்களின் பெற்றோல் குழாயில் ஆவி அடைத்துக்கொள்வதும் உண்டு. அந்தக் கார்களில் என்ஜினருகே இருக்கும் பம்பின் மேல் ஈரத்துணி போட்டு ஆறவிடும் பழைய சாரதிகளின் வழக்கம் சரியானதே. ஆனால் இன்ஜெக்டர் கார், காற்று அமுக்கத்தை அளந்து பெற்றோலைத் தானே குறைத்துக்கொள்ளும். இங்கேயே பிறந்து வளர்ந்தது போல வருடக்கணக்கில் ஓடிய கார் ஒரு காலையில் பிடிக்காததற்கு மலையைக் குற்றஞ்சாட்டுவது தேடலைத் தள்ளிப்போடும் ஒரு வழி மட்டுமே.

டீசல் வேன்களில் பிளக்கும் தீப்பொறியும் இல்லை. ஹீட்டர் பிளக், டீசல் குழாயில் புகுந்த காற்று, ஃபில்டரில் தங்கிய தண்ணீர் ஆகிய மூன்றையும் பார்க்க வேண்டும். அக்வா, பிரியஸ் போன்ற முழு ஹைபிரிட் கார்களில் தனிச் செல்ஃப் மோட்டாரே கிடையாது. ரெடி விளக்கு எரியாவிட்டால் முதலில் சிறிய 12 வோல்ட் பற்றரியைப் பாருங்கள், செம்மஞ்சள் நிற கேபிள்களைப் பயிற்சி இல்லாதவர் தொடவே கூடாது.

வழியில் நின்றுவிட்டால், முதலில் ஹாண்ட் பிரேக்கை இழுத்து, கியரில் போட்டு, சில்லுக்கு அடியில், சரிவு இறங்கும் பக்கமாக ஒரு நல்ல கல்லை வையுங்கள். பிறகு கராஜுக்கு அழைக்கும்போது “ஸ்டார்ட் ஆகுதில்ல” என்பதோடு நிறுத்தாமல், செல்ஃப் எந்த வேகத்தில் சுற்றியது, செக் என்ஜின் விளக்கும் சாவி விளக்கும் எப்படி இருந்தன, பம்ப் ஓசை வந்ததா, முள் அசைந்ததா, பெற்றோல் மணம் இருந்ததா, குளிரில் நின்றதா சூட்டில் நின்றதா என்பதைச் சொல்லுங்கள். இதைக் கேட்டறிந்து வரும் மெக்கானிக் எந்தக் கருவியை எடுத்துவர வேண்டும் என்பதைக் கராஜிலேயே முடிவு செய்துகொள்வார். இவற்றில் எதையும் விசாரிக்காமல், பம்ப் வாங்கி வையுங்கள் என்று தொலைபேசியிலேயே சொல்பவரிடம் காரைக் கொடுக்காதீர்கள்.